பாதி மயில்

வணக்கம் சார்,

எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் படிக்கிறேன். செமினாருக்காக 1எச்எச்ஓ என்ற ஆக்சிஹீமோகுளோபின் (ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின்) அமைப்புக் கோப்பை, மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் பைமால் மென்பொருளில் திறந்தேன். பாடத்தில் நான்கு புரதச் சங்கிலிகள், கோப்பில் இரண்டுதான். மறுபாதி கண்ணாடிப் பிம்பம்தானே என்று எக்ஸ் ஆயங்களின் குறியை மாற்றி ஒரு பிரதி எடுத்து, மவுசால் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டேன். கோப்பு தவறா? பைமாலைவிடக் கைமெரா நல்லதா?

க.

அன்புள்ள க.,

எந்த மென்பொருள் என்பதை விடுங்கள், எதில் வேண்டுமானாலும் பாருங்கள். கோப்பில் பிழை இல்லை.

என் அப்பா பட்டுத் தறிக்கு டிசைன் போட்டவர். எதிரெதிரே பார்த்து நிற்கும் இரண்டு மயில் புட்டா என்றால் கட்டத்தாளில் ஒரு மயில்தான் இருக்கும். சின்ன வயதில் "இன்னொரு மயில் எங்கப்பா?" என்று கேட்டேன். "அதைத் தறி போட்டுக்கும்" என்றார், தாளிலிருந்து நிமிராமலே. போன வாரம் பழைய டிரங்குப் பெட்டியில் அந்தத் தாள் ஒன்று அகப்பட்டது. அதையே நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

புரதத்தைப் படிகமாக்கி அதன் அமைப்பைக் கண்டுபிடிக்கும் படிகவியல்காரர்களும் அப்பா மாதிரிக் கஞ்சர்கள். திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டை மட்டும் எழுதிவிட்டு, அதை எப்படி அடுக்குவது என்பதைக் கோப்பின் தலைப்பில் 'கிரிஸ்ட்1' என்ற ஒரே வரியில் வைத்துவிடுவார்கள். உங்கள் கோப்பின் துண்டு ஓர் அலகுக்கூட்டில் (படிகம் முழுக்க அடுக்கப்படும் சிறு பெட்டி) எட்டு முறை வரும், அதாவது நான்கு முழு ஹீமோகுளோபின். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினின் கோப்பான 2எச்எச்பி-யில் நான்கு சங்கிலிகளும் அப்படியே இருக்கும், அந்தப் படிகத்தின் அடுக்கு வேறு.

ஆனால் அப்பாவின் மயிலுக்குச் சரியான கண்ணாடி புரதத்துக்கு ஆகவே ஆகாது! இதை உங்களுக்கு யாருமே சொல்லவில்லையா? நம் புரதங்கள் எல்-அமினோ அமிலங்களால் ஆனவை, குறியை மாற்றியதும் அத்தனையும் அவற்றின் கண்ணாடிப் பிம்பமான டி வகை ஆகிவிடும். உங்கள் படத்தைத் திரும்பப் பாருங்கள், வலஞ்சுழியாக ஓட வேண்டிய ஆல்பா சுருள்கள் ஒரு பாதியில் இடஞ்சுழியாக ஓடும். படிகத்தில் அடுக்கும் முறைகளான இடக்குழுக்கள் மொத்தம் 230, புரதப் படிகத்துக்கு வாய்ப்பதோ 65தான், ஏனென்றால் கண்ணாடி வரும் எதுவும் அங்கே செல்லாது. கும்பிட்டுப் பாருங்கள், ஒரு கை மற்றதன் பிம்பம். யாருடனாவது கைகுலுக்கிப் பாருங்கள், இரண்டும் வலக்கை, நடுவில் ஓர் அச்சை வைத்து அரைச்சுற்று திருப்பினால் ஒன்று மற்றதன் இடத்துக்கு வந்துவிடும். ஹீமோகுளோபின் பாதிகள் கைகுலுக்குகின்றன, கும்பிடவில்லை.

மவுசால் நகர்த்தினேன் என்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆக்சிஜன் ஏறும்போது ஒரு பாதி மறுபாதிக்கு எதிரே சுமார் 15 பாகை திரும்புகிறது. ஹீமோகுளோபினின் அமைப்பைக் கண்டறிந்த மாக்ஸ் பெருட்ஸ் ஆயுளைக் கொடுத்து விளங்கிக்கொண்ட விஷயம் அது. ஹீமோகுளோபினின் வித்தையே அந்த இரண்டு பாதிகளும் உட்காரும் விதத்தில் இருக்கிறது, அதைப் போய் உத்தேசமாக வைத்திருக்கிறீர்கள்.

கோபத்தில் எழுதவில்லை. கோப்பில் ஏன் பாதி இல்லை என்று கேட்கத் தோன்றியதே, உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு அது தோன்றியிருக்கும்?

பைமாலில் 'ஜெனரேட்' பட்டியலில் 'சிமெட்ரி மேட்ஸ்' (சமச்சீர்ப் பிரதிகள்) எடுத்து 4 ஆங்ஸ்ட்ராம் தூரம் கொடுங்கள். பக்கத்து மூலக்கூறுகளும் கூட்டமாக வரும், எல்லாமே சொந்தமில்லை. உண்மையான மறுபாதி எது என்பது தலைப்பில் 'ரிமார்க் 350'-இல் இருக்கிறது.

செமினார் எப்போது என்று எழுதவில்லையே. நாளைக்கு என்றால் இன்று ராத்திரியே உட்கார்ந்து மாற்றிவிடுங்கள், அப்புறம் அந்தப் படத்தை எனக்கும் அனுப்புங்கள்.