வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் மின்தடையையும் வாட்ஸையும் எப்படிக் கணக்கிடுவது? மீட்டர் வைத்து அளந்தும் எனக்குக் கணக்கு ஒத்துவரவில்லையே?

முதல் பாதிக்குப் பதில் ஒரு வரிதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட்ஸ். 230 வோல்ட்டில் இஸ்திரிப் பெட்டி 4.35 ஆம்பியர் இழுத்தால் மின்தடை 53 ஓம், திறன் 1000 வாட்ஸ். அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டி, குழாய் என்று உவமை சொல்லிக் குழப்ப மாட்டேன், அதற்கு இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இரண்டாவது பாதிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். வோல்ட்டை ஒரு நேரத்திலும் ஆம்பியரை இன்னொரு நேரத்திலும் அளந்திருப்பீர்கள். இல்லையென்றால் வோல்ட்டை மெயின் போர்டில் பார்த்துவிட்டு, பொருள் வீட்டின் மறுகோடியில் ஓடியிருக்கும். எங்கள் காரைக்குடிப் பக்கம் வயரிங் வேலை பார்ப்பவனுக்கு இது தினசரித் தலைவலி. வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். கரண்ட் மீட்டர் முகப்பில் இருக்கும், வளவு (நடு முற்றத்துப் பகுதி), அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிக் கடைசியில் அடுப்படியும் குளியலறையும்.

பள்ளத்தூரில் ஒரு ஆச்சி வீடு. மகனுக்கு அறுபதாம் கல்யாணம், வீடு நிறைய ஆள் வரப்போகிறது. 25 லிட்டர் ஹீட்டர், அரை மணியில் சூடாக வேண்டியது முக்கால் மணி ஆகிறது. ஹீட்டரைப் போட்டால் அடுப்படி பல்பும் மங்குகிறது. எனக்கு முன்னால் பார்க்க வந்தவர் ஹீட்டர் ஓடாத நேரத்தில் பிளக்கில் மீட்டரைச் சொருகி 226 வோல்ட் பார்த்துவிட்டு, "கரண்ட் நல்லா இருக்கு, ஹீட்டர்தான் போச்சு, புதுசு வாங்குங்க" என்று சொல்லிப் போயிருக்கிறார்.

"என்ன தம்பி, இதையும் மாத்தணுமா?" என்றார் ஆச்சி. "இருங்க ஆச்சி, ஹீட்டர் ஓடும்போது பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

ஓடவிட்டு அளந்தால் மெயின் போர்டில் 224 வோல்ட், ஹீட்டர் முனையில் 200. கிளாம்ப் மீட்டரில், அதாவது ஒயரை வெட்டாமல் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டும் மீட்டரில், 7.5 ஆம்பியர். 200-ஐ 7.5-ஆல் வகுத்தால் 26.7 ஓம். ஹீட்டர் மேல் 230 வோல்ட், 2000 வாட்ஸ் என்று அச்சடித்திருக்கிறது. வோல்ட்டும் வாட்ஸும் மட்டும் தெரிந்தால், வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி வாட்ஸால் வகுத்தால் ஓம்: 230-ஐ 230-ஆல் பெருக்கி 2000-ஆல் வகுத்தால் 26.5 ஓம். அப்படியானால் ஹீட்டரில் ஒரு கோளாறும் இல்லை. 200-ஐ 7.5-ஆல் பெருக்கினால் 1500 வாட்ஸ், அதற்குக் கிடைப்பதே அவ்வளவுதான்.

வழியில் காணாமல் போன 24 வோல்ட்டுக்கும் அதே கணக்கைப் போடுங்கள். 24 வகுத்தல் 7.5, ஒயரின் மின்தடை 3.2 ஓம். 24 பெருக்கல் 7.5, 180 வாட்ஸ். அந்த 180 வாட்ஸ் ஒயரிலேயே சூடாகப் போய்க்கொண்டிருந்தது, அதற்கும் மீட்டர் ஓடி ஆச்சி பணம் கட்டிக்கொண்டிருந்தார்.

போட்டிருந்தது 1 ஸ்கொயர் எம்எம் (ஒயரின் குறுக்குவெட்டுப் பரப்பு, அதாவது கனம்) செம்பு ஒயர். போக 60 மீட்டர், வர 60 மீட்டர், அதற்கு 2.2 ஓம் வரும். மிச்சம் 1 ஓம் எங்கே? இரண்டாங்கட்டு நடையில், உத்தரத்தை ஒட்டி, டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட். டேப் பழுப்பாகி மொறுமொறுவென்று இருந்தது, மெயினை அணைத்துவிட்டுப் பிரித்தபோதும் சூடு குறையவில்லை. ஐம்பது வாட்ஸுக்கு மேல் அந்த ஒரு முடிச்சிலேயே. மேலே முழுக்க பர்மாத் தேக்கு!

ஜாயின்ட் இல்லாமல் 4 ஸ்கொயர் ஒயர் இழுத்தோம். ஹீட்டர் முனையில் 219 வோல்ட், 1800 வாட்ஸ். சென்னையிலிருந்து மகன் போன் செய்து, "ஒரு ஹீட்டருக்கு எதுக்குங்க 4 ஸ்கொயர்?" என்று கேட்டார். மேலே உள்ள கணக்கை அப்படியே வாட்ஸ்அப்பில் போட்டேன். அப்புறம் பேச்சில்லை.

இதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல். அங்கே கழற்றிய உருண்டைப் பீங்கான் சுவிட்சுகளை ஆச்சி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் வந்து, எடைக்குப் போடுகிற விலை கொடுத்து அள்ளிக்கொண்டு போனார். அதே சாமான் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து என்ன விலை சொல்கிறது தெரியுமா? கதவு, தூண் போனது போதாதென்று இப்போது சுவிட்சும். சரி, கேள்விக்கு வருகிறேன்.

இன்ஜினியர்கள் சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கு ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடு தருகிற பொருளுக்குத்தான். மோட்டார், ஃபேன் என்றால் வோல்ட் பெருக்கல் ஆம்பியர் அப்படியே வாட்ஸ் ஆகாது, பவர் ஃபேக்டரால் (அதில் எவ்வளவு பங்கு நிஜமான வாட்ஸ் என்று சொல்லும் எண்) இன்னொரு முறை பெருக்க வேண்டும். 60 வாட்ஸ் குண்டு பல்பைக் கழற்றி ஓம் பார்த்து ஏமாறாதீர்கள். எரியும்போது 880 ஓம் இருப்பது ஆறிய நிலையில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது.

கிளாம்ப் மீட்டருக்குள் பேஸ் ஒயரை (கரண்ட் வரும் ஒயர்) மட்டும் விடுங்கள். அதையும் நியூட்ரல் ஒயரையும் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) சேர்த்து விட்டால் பூஜ்யம்தான் காட்டும். சாதா மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து பிளக்கில் சொருகிவிடாதீர்கள், அது நேரடி ஷார்ட். ஓம் அளக்க வேண்டுமென்றால் பொருளைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான். பொருள் ஓடும்போது அதன் முனையில் எத்தனை வோல்ட், அதே நேரம் மெயினில் எத்தனை, எத்தனை ஆம்பியர், மூன்றையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.