படம் எடுப்பது பாடமாகுமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு, மனிதரை அவர் வாழும் சூழலோடு சேர்த்துப் பார்க்கும் சமுதாய உளவியலைக் கற்பிக்கிறேன். வரையறைகளைத் தடையின்றி ஒப்பிக்கும் அவர்களுக்கு, அவற்றைத் தங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அடையாளம் காணத் தெரியவில்லை. சென்ற பருவத்தில் படம் எடுத்து வரச் சொன்னேன். பாதிப் பேர் அட்டைப்பெட்டி சேகரிக்கும் முதியவர்களைப் படம்பிடித்து வந்தார்கள். எனக்கே மனம் ஒப்பவில்லை. இம்முறையைக் கைவிடலாமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: கைவிட வேண்டாம், அம்மா. தவறு மாணவர்களிடம் இல்லை; பிறர் துயரைத் தொலைவில் நின்று பார்த்து வரும்படி வேலை அமைந்துவிட்டது.

1990களின் தொடக்கத்தில் கேரலைன் வாங், மேரி ஆன் பரிஸ் ஆகிய இருவரும் சீனாவின் யுன்னான் மாநிலக் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, தங்கள் வாழ்வையும் உடல்நலத்தையும் அவர்களே படம்பிடித்துப் பேசச் செய்தார்கள். ‘ஃபோட்டோவாய்ஸ்’ எனப்படும் முறை அவ்வாறு உருவானது. யாருடைய வாழ்க்கையோ, கேமரா அவர் கையில் இருக்க வேண்டும். ஆகவே மாணவர்கள் முதலில் தங்கள் வீட்டையும் மின்தூக்கியையும் பேருந்து நிறுத்தத்தையும் எடுக்கட்டும்.

படம் எடுக்க ஒரு வாரம் போதும். பேசுவதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். இங்கே என்ன தெரிகிறது, உண்மையில் என்ன நடக்கிறது, இது நம் வாழ்வோடு எப்படித் தொடர்புடையது, இந்நிலை ஏன் நிலவுகிறது, நாம் என்ன செய்யலாம் என்ற ஐந்து கேள்விகளை இம்முறையில் வரிசையாகக் கேட்பார்கள். என் வகுப்பில் ஒரு மாணவி, தன் புளோக்கின் கீழ்த்தளத் தூணில் ராஃபியா கயிற்றால் கட்டப்பட்டிருந்த நான்கு பழைய நாற்காலிகளைப் படம் எடுத்து வந்தார். அவற்றில் ஒன்றில் மெத்தைக்குப் பதில் மடித்த துண்டு. “முதியவர்கள் தனிமையில் வாடுகிறார்கள்” என்றுதான் வகுப்பு தொடங்கியது. நான்காம் கேள்விக்கு வந்தபோது, அங்கிருந்த கல் இருக்கைகளுக்கு முதுகுச்சாய்வு இல்லை என்பதையும், அந்தக் குறையை யாரிடமும் முறையிடாமல் அவர்களே தீர்த்துக்கொண்டார்கள் என்பதையும் மாணவர்கள் கண்டுகொண்டார்கள். 1965இல் அமெரிக்காவின் ஸ்வாம்ப்ஸ்காட்டில் கூடி இத்துறைக்கு வித்திட்ட உளவியலாளர்கள் வலியுறுத்தியதும் இதுவே: சிக்கலைத் தனிமனிதருக்குள் மட்டும் தேடாமல் அவர் வாழும் சூழலிலும் தேட வேண்டும். அன்று வகுப்பில் அதை நான் விளக்கவே தேவைப்படவில்லை.

மதிப்பெண்ணைப் படத்தின் அழகுக்குத் தராமல், அதனுடன் எழுதும் குறிப்புக்குத் தாருங்கள்.

ஒப்புதல் விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். பல்கலைக்கழக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவரிடம் வெளிநாட்டு ஊழியர் ஒருவர் எளிதில் மறுப்புச் சொல்ல மாட்டார். அவருடைய தலையசைப்பை ஒப்புதலாகக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எடுக்க ஒருமுறையும், பிறருக்குக் காட்ட இன்னொரு முறையும் தனித்தனியே கேட்கச் சொல்லுங்கள். முகம் இல்லாத படத்துக்கும் இது பொருந்தும். அந்த மாணவி, வகுப்புக் கண்காட்சிக்கு முன் நாற்காலிக்காரர்களிடம் படத்தைக் காட்டினார். அவர்கள் நெடுநேரம் பார்த்து மகிழ்ந்துவிட்டு, வெளியே வைக்க வேண்டாம் என்றார்கள்; யாராவது பார்த்தால் நாற்காலிகளை அப்புறப்படுத்திவிடுவார்களோ என்ற அச்சம். அந்தப் படத்தை நாங்கள் கண்காட்சியில் வைக்கவில்லை.