டோ பார் நாமே மாட்டலாமா? கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

சிங்கப்பூரில் காக்கி புக்கிட் பக்கம் வொர்க்‌ஷாப்பில் கையை அழுக்காக்கிக்கொண்டு இருபது வருஷம் ஆகிறது. போன வாரம் டோ பார், அதாவது டிரெய்லரை இழுக்கக் காரின் பின்னால் மாட்டும் இரும்புச் சட்டம், அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாயைக் கொடுத்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் படகு இழுப்பவர்கள், மீதி பெர்த்துக்குக் குடிபோய் கேரவன் வாங்கியவர்கள்.

ஈசூன் தம்பி: அண்ணே, டோ பார் 2,000 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது. அவ்வளவு இழுக்கலாம்தானே?

அப்படி இல்லை தம்பி. கார், டோ பார், அதன் முனையில் நிற்கும் இரும்புப் பந்து, அந்தப் பந்தைக் கவ்வும் டிரெய்லர் மூக்கான கப்ளர், எல்லாவற்றுக்கும் தனித்தனி அளவு உண்டு. எது குறைவோ அதுதான் உங்கள் கணக்கு. கார் கையேட்டில் 1,500 என்றிருந்தால் 1,500தான். அப்புறம், சிங்கப்பூரில் ஓடும் கார் என்றால் ஸ்பேனரை எடுக்கும் முன் எல்டிஏ-விடம் (நிலப் போக்குவரத்து ஆணையம்) கேட்டுவிடுங்கள். மாட்டியதைக் கழற்றுவது போல எரிச்சல் வேறில்லை.

பெர்த் அக்கா: வீட்டுக்காரரே மாட்டுகிறேன் என்கிறார். விடலாமா?

உங்கள் மாடலுக்கென்றே செய்த பார், துளைகள் சேஸில் (காரின் அடிச்சட்டம்) ஏற்கெனவே இருக்கின்றன என்றால் விடுங்கள் அக்கா, ஆனால் தூக்கிப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும், சாமான் கனம். சைலன்சரைத் தாங்கும் ரப்பரைக் கழற்றச் சோப்புத் தண்ணீர் போதும். சேஸ் குழாய்க்குள் போல்ட்டைக் கொண்டுபோவதுதான் சள்ளை: முனை சுருளாக இருக்கும் கம்பியைத் துளை வழியாக விட்டு, குழாயின் திறந்த பக்கம் வெளியே வரும் முனையில் வாஷரைக் கோர்த்து, சுருளில் போல்ட்டைத் திருகி, மெதுவாகத் திரும்ப இழுக்க வேண்டும். பாதியில் உள்ளே விழுந்தால் அன்றைய மாலை போச்சு. இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் அண்டர்கோட்டை, அதாவது துருப்பிடிக்காமல் அடியில் பூசிய பூச்சைச் சுரண்டி லேசாக பெயின்ட் அடியுங்கள். தடித்த பூச்சு நாளாக நாளாக நசுங்கி போல்ட் தளரும். எல்லாப் போல்ட்டையும் கையால் மாட்டியபிறகே டார்க் ரென்ச், அதாவது அளவு வைத்து இறுக்கும் ஸ்பேனர். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது கூட வந்த தாளில் இருக்கும், ‘கை சொல்லும்’ என்பவரை நம்பாதீர்கள். முதல் நூறு கிலோமீட்டர் ஓட்டியபிறகு மறுபடி ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பொங்கோல்: கப்ளர் மாட்டினாலும் கடகடவென்று ஆடுகிறது.

பந்தின் தலையில் பொறித்திருப்பதைப் படியுங்கள். 50 மில்லிமீட்டரும் 2 அங்குலமும் ஒன்றில்லை, 2 அங்குலம் என்றால் 50.8. அமெரிக்க டிரெய்லரின் 2 அங்குலக் கப்ளரை 50 பந்தில் போட்டால் இப்படித்தான் ஆடும். அளவு சரியென்றால் கப்ளரின் அடியில் இருக்கும் நட்டை இறுக்கிப் பாருங்கள். பூட்டியபின் டிரெய்லரின் முன்னால் இருக்கும் சின்னச் சக்கரமான ஜாக்கி வீலின் கைப்பிடியைச் சுழற்றி முன்பக்கத்தைத் தூக்குங்கள்; காரின் பின்பக்கமும் கூடவே எழுந்தால் பிடித்திருக்கிறது, கப்ளர் மட்டும் கழன்று வந்தால் பூட்டவே இல்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் இதைச் செய்வேன்.

பெர்த்: வேகம் கூடினால் கேரவன் வாலாட்டுகிறது.

முன்பாரம் குறைவாக இருக்கும். பந்தின் மேல் மொத்த எடையில் பத்து சதவீதம் அளவுக்கு நிற்க வேண்டும், கார் அதைத் தாங்குமா என்றும் பாருங்கள். அதை அளக்க, இழுக்கும்போது இருக்கும் உயரத்திலேயே கப்ளருக்குக் கீழே மரக்கட்டை, அதற்குக் கீழே வீட்டு எடை மெஷின். தண்ணீர்க் கேன்களைப் பின்னால் அடுக்கியிருந்தால் இன்றைக்கே அச்சுக்கு முன்னால் நகர்த்துங்கள்.

தெம்பனிஸ்: பிரேக் மிதித்தால் டிரெய்லரில் சிக்னலும் சேர்ந்து எரிகிறது. பல்பா?

நூற்றுக்குத் தொண்ணூறு எர்த் வயர். கரன்ட் திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்து விளக்கு வழியாக ஓடுகிறது. பிளக்கைத் திறந்தால் பச்சை பூத்திருக்கும், சுத்தம் செய்து எலெக்ட்ரிக்கல் கிரீஸ் பூசுங்கள்.

செங்காங்: பந்துக்கு கிரீஸ் பூசலாமா?

சாதாரணக் கப்ளர் என்றால் லேசாகப் பூசலாம். உள்ளே உராய்வுப் பட்டை உள்ள, ஆட்டத்தை அடக்கும் வகை என்றால் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. பந்தின் பெயின்ட்டையே தேய்த்து எடுக்க வேண்டும். படகு இறக்குபவர்கள் கடல் தண்ணீர் பட்ட அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பந்து நிற்கும் கழற்றக்கூடிய கம்பியை டோ பாரின் குழாயிலேயே வருஷக்கணக்கில் விட்டவர் ஒருவர் வந்தார், கடைசியில் சூடுகாட்டி, சுத்தியலால் அடித்துத்தான் எடுத்தேன்.