அரியரை முடித்தால்தான் தீபாவளியா?

கேள்வி: அமெரிக்க அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் தன் மகன்களுக்கு எழுதிய கடிதங்களைப் படித்ததிலிருந்து, விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கும் என் மகனுக்கு வாரந்தோறும் நான்கு பக்கக் கடிதம் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் 'சரிப்பா' என்று மட்டும் பதில் வருகிறது. இரண்டு அரியர் இருக்கிறது. முடிக்கும்வரை தீபாவளிக்கு வராதே என்றும் எழுதிவிட்டேன். அவனை மனம்விட்டு எழுத வைப்பது எப்படி?
- ஒரு தந்தை, ஈரோடு

பதில்: தீபாவளி விஷயத்தைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அந்த வரியில்தான் இருக்கிறது.

ஆடம்ஸும் இதைச் செய்தார். 1821 டிசம்பரில் அவர் வெளியுறவுத் துறை அமைச்சர், குடியிருப்பு வாஷிங்டனில். ஹார்வர்டில் படித்த இரண்டாம் மகன் ஜான், வகுப்பில் 85 பேரில் 45வது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வரட்டுமா என்று கேட்டான். உன்னைப் பார்த்தால் எனக்குத் துயரமும் வெட்கமும்தான் மிஞ்சும், முன்னேறிய பிறகு வா என்று தகப்பன் எழுதினார். 1823இல், படிப்பு முடியும் தறுவாயில், மாணவர் கலகத்தில் சேர்ந்ததற்காக நாற்பதுக்கும் மேற்பட்டோரோடு ஹார்வர்டு அவனையும் வெளியேற்றியது. 1834இல் 31 வயதில் இறந்தான். பட்டம் 1873இல் கொடுத்தார்கள்.

நீங்கள் ரசித்த கடிதங்கள் பெரும்பாலும் மூத்தவன் ஜார்ஜுக்கு எழுதியவையாக இருக்கும். 1809இல் ரஷ்யாவுக்குத் தூதராகப் போனபோது மூத்தவர்கள் இருவரையும் உறவினரிடம் விட்டுவிட்டுக் இரண்டு வயதுகூட நிறையாத கடைசி மகன் சார்லஸை மட்டும் அழைத்துச் சென்றார்கள். பிள்ளைகளை மறுபடி பார்த்தது 1815இல். தினமும் எழுந்ததும் பைபிளில் நான்கைந்து அதிகாரம் படிப்பேன், ஒரு மணி நேரம் பிடிக்கும் என்றெல்லாம் பத்து வயதுப் பையனுக்கு எழுதினார். கடல் உறைந்தால் கப்பலே ஓடாத ஊரிலிருந்து அவரால் முடிந்தது அதுதான். ஜார்ஜ் குடியிலும் கடனிலும் சிக்கி, 1829இல் 28 வயதில் நீராவிக் கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்தான். அதற்குக் கடிதங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் கூடவே வளர்ந்த கடைசி மகன் சார்லஸ், ஹார்வர்டில் அவனும் பின்வரிசைதான், 1861இல் லண்டனுக்குத் தூதராகப் போனான்.

உங்கள் மகன் பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் இருக்கிறான். படிப்பது அவன் கடமை, மறுக்கவில்லை. பண்டிகையன்று பிள்ளைக்கு இலை போடுவது உங்கள் கடமை. அதற்கு மார்க் ஷீட் கேட்க எந்தத் தகப்பனுக்கும் உரிமை கிடையாது! வீட்டில் அவன் அம்மாவிடமாவது ஒரு வார்த்தை கேட்டீர்களா?

இன்றே டிக்கெட் போட்டுவிட்டு, "வாப்பா" என்று போனில் சொல்லுங்கள். 'ஆனால்' சேர்க்காதீர்கள்.

கடிதம் மாதம் இரண்டு போதும், தலா ஒரு பக்கம். அவன் கடைசியாகச் சொன்ன ஏதாவது ஒன்றுக்குப் பதிலாகத் தொடங்குங்கள். பிறகு வீட்டுச் செய்தி: தென்னை காய்த்தது, பாட்டிக்கு முழங்கால் வலி. ஒரே ஒரு கேள்வி, அதுவும் படிப்பைப் பற்றி இல்லாமல். புத்திமதி வேண்டாம், நான்கு பக்கப் புத்திமதிக்குப் பிள்ளை 'சரிப்பா' என்பதைத் தவிர வேறென்ன எழுதுவான்? அண்ணன் தம்பி ஒப்பீடு ஒரு வரி நுழைந்தாலும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதுங்கள்.

அரியரைப் பற்றிப் போனில் பத்து நிமிடம் பேசுங்கள்: எந்தப் பேப்பர், இன்டர்னல் எவ்வளவு, தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது. கட்டணத்தை அன்றே அனுப்பிவிடுங்கள். தீபாவளிக்கு வந்திருக்கும் நாட்களில், அவனாகப் பேச்சை எடுத்தால் ஒழிய நீங்கள் வாய் திறக்க வேண்டாம்.