எஸ்பி006 பிழை: ஐஜிஎஸ்டி ரீஃபண்ட் ஏன் நிற்கிறது?

ஏற்றுமதிக்குக் கட்டிய ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி) திரும்ப வரவில்லை, மறுபடி விண்ணப்பிக்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். வரி கட்டி அனுப்பிய சரக்குக்கு ஷிப்பிங் பில்லே (சுங்கத்துறையிடம் தரும் ஏற்றுமதி ஆவணம்) ரீஃபண்ட் விண்ணப்பம். திருப்பூர் ஐசிடியில் (உள்நாட்டு கன்டெய்னர் டிப்போ) கிளியராகி தூத்துக்குடி வழியாகப் போன பனியன் சரக்குக்கு எஸ்பி006 காட்டுகிறது என்கிறீர்கள். அப்படியானால், கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் ஷிப்பிங் லைன் (கப்பல் நிறுவனம்) தாக்கல் செய்யும் ஏற்றுமதிச் சரக்குப் பட்டியலான இஜிஎம் பதிவாகவில்லை, அல்லது அதோடு உங்கள் பில் பொருந்தவில்லை. ஆடிட்டரைத் துளைப்பதில் பயனில்லை. ஷிப்பிங் லைனைப் பிடியுங்கள்.

பல சமயம் கன்டெய்னர் எண்ணில்தான் வம்பு. 0 இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ‘ஓ’ எழுத்தைத் தட்டியிருக்கலாம்.

1. சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஷிப்பிங் பில் எண், தேதி, துறைமுகக் குறியீடு கொடுத்து இஜிஎம் நிலையைப் பாருங்கள்.

2. பில் ஆஃப் லேடிங்கை (ஷிப்பிங் லைன் தந்த சரக்கு ரசீது) அருகில் வைத்து, கன்டெய்னர் எண்ணின் 4 எழுத்து, 7 இலக்கத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

3. தவறு தெரிந்தால், இஜிஎம் திருத்தம் போடும்படி ஷிப்பிங் லைனுக்கு மெயில் அனுப்புங்கள். போனில் சொன்னால் அப்படியே கிடக்கும். உங்கள் கஸ்டம்ஸ் புரோக்கருக்கும் நகல் போகட்டும்.

ஒன்று மட்டும்: இது தீர்ந்ததும் எஸ்பி005 முளைக்கலாம். ஷிப்பிங் பில்லில் உள்ள இன்வாய்ஸ் எண்ணும் ஜிஎஸ்டிஆர்-1இல் (விற்பனை விவர ரிட்டர்ன்) உள்ளதும் வேறாக இருந்தால் அது வரும். அதை ஜிஎஸ்டிஆர்-1இன் அட்டவணை 9ஏ-வில் நீங்களே திருத்தலாம், ஷிப்பிங் பில்லில் உள்ள எண் சரியாக இருந்தால்.