நீச்சல் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு புரத பவுடர் வேண்டுமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு 11 வயது, 35 கிலோ எடை. வாரத்தில் 4 நாள் காலை 5.30 மணிக்கு ஒரு மணி நேரம் நீச்சல் பயிற்சி, அங்கிருந்து அப்படியே பள்ளிக்கூடம். மகனுக்கு 7 வயது, காலையில் வாயையே திறக்க மாட்டான். மகள் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறாள், புரத பவுடர் கொடுத்தால்தான் தாக்குப்பிடிப்பாள் என்கிறார் பயிற்சியாளர். அவரே தள்ளுபடியில் வாங்கித் தருகிறாராம். வாங்கலாமா? காலையில் எனக்குக் கிடைப்பது 10 நிமிடம். அதற்குள் சத்தாக என்ன செய்ய முடியும்?

பதில்: வாங்க வேண்டாம். பவுடரைப் பொறுத்தவரை பதில் அவ்வளவுதான். ஆனால் இத்தோடு நிறுத்தினால் அடுத்த வாரம் அவர் வேறொரு டப்பாவோடு வருவார், நீங்களும் தடுமாறுவீர்கள். அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுவிடுவோம்.

இந்த வயதில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 கிராம் புரதம் போதும். உங்கள் மகளுக்கு 35 கிராம். நீச்சல் அடிக்கிறாளே என்று தாராளமாகக் கூட்டி 45 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. இரண்டு டம்ளர் பாலில் சுமார் 13. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில், அதாவது 30 கிராமில், 7. வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப் என்றால் 14. இதுவே 40 ஆகிவிட்டது. மதியச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் இன்னும் கணக்கில் சேரவே இல்லை. பிறகு எதற்கு டப்பா?

சோர்வுக்கு வருவோம். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. 5.30-க்கு தண்ணீரில் இறங்க வேண்டும் என்றால் 4.45-க்காவது எழுந்தாக வேண்டும். குறைந்தபட்சம் 9 மணி நேரம் தூங்கவே இரவு 7.45-க்குப் படுக்க வேண்டும். எந்த வீட்டில் இது நடக்கிறது? வீட்டுப்பாடம் முடிவதே அதற்குப் பிறகுதான். பள்ளிக்கு ஒரு நேரம், பயிற்சிக்கு ஒரு நேரம் என்று ஆளாளுக்கு அட்டவணை போட்டுக்கொள்கிறார்கள். நடுவில் பிள்ளை எப்போது தூங்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. தூங்கச் சொன்னால் யாருக்கும் கமிஷன் கிடைக்காது, அதனால் அந்த ஆலோசனையும் வருவதில்லை. முடிந்தால் 4 நாளை 3 நாளாகக் குறைத்துப் பாருங்கள்.

இன்னொன்று இரும்புச்சத்து. பெண் பிள்ளைகள் வயதுக்கு வருகிற பருவத்தில் இது குறைவது சாதாரணம். மூச்சு வாங்குகிறது, முகம் வெளிறியிருக்கிறது என்றால் ஹீமோகுளோபினும், உடலில் இருப்பில் உள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டினும் பரிசோதிக்கச் சொல்லி மருத்துவரிடமே கேளுங்கள். வரிசையில் காத்திருந்து உள்ளே போனதும் மூன்று நிமிடத்தில் ஒரு டானிக் சீட்டோடு அனுப்பிவிடுவார்கள். நாற்காலியை விட்டு எழாமல் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது அந்தத் தள்ளுபடி விவகாரம். பயிற்சி கொடுப்பவரே பவுடரும் விற்றால் அவர் வாயிலிருந்து "தேவையில்லை" என்ற சொல் எப்படி வரும்? உங்கள் பயிற்சியாளர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தள்ளுபடி என்று அவர் சொல்வதில் அவருக்கு என்ன பங்கு என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள், முகம் சொல்லிவிடும். இதே ரகத்தில் இன்னும் சிலர் உண்டு. இலவசமாக உடல் பரிசோதனை என்பார்கள். ஒரு மெஷின் மேல் ஏற்றி நிறுத்தி, கொழுப்பு இத்தனை, தசை இத்தனை என்று எண் காட்டுவார்கள். தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் ஓர் எண் வரும், வியர்த்த பிறகு ஏறினால் இன்னொன்று வரும். வளரும் பிள்ளைக்கு அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. எண்ணைக் காட்டிப் பயமுறுத்தியதும் பக்கத்து மேஜையில் டப்பா தயாராக இருக்கும்.

அந்த டப்பாவையும் ஒரு முறை திருப்பிப் படியுங்கள். முன்பக்கத்தை விட்டுவிடுங்கள், அங்கே ஓடுகிற பையன் படம்தான் இருக்கும். பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் பொதுவாக உள்ள விதி. முதல் மூன்று பெயர்களில் சர்க்கரை இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். சிலர் இதிலும் கெட்டிக்காரர்கள். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், பழச்சாறு கான்சன்ட்ரேட் என்று நாலாகப் பிரித்துப் போடுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய்விடும், கூட்டிப் பார்த்தால் அதுதான் முதலிடம். மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒன்று இருக்கும், மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பொடி. அது பல நாட்டு லேபிள்களில் சர்க்கரைக் கணக்கில் வராது, ஆனால் ரத்தத்தில் சர்க்கரையைக் கிடுகிடுவென ஏற்றும். "சேர்க்கப்பட்ட சர்க்கரை இல்லை" என்ற வாசகத்துக்குக் கீழேயே அது உட்கார்ந்திருக்கும். புரத அளவிலும் ஒரு தந்திரம் உண்டு: "பாலில் கலந்தால்" என்று சின்ன எழுத்தில் போட்டு, பாலில் உள்ள புரதத்தையும் தன் கணக்கில் எழுதிக்கொள்வது. பாலைக் கழித்துப் பாருங்கள். வளரும் பிள்ளைகளுக்கு என்று விற்கிற பல பவுடர்களில் ஒரு வேளைக்கு ஒரு முட்டை அளவு புரதம்கூட மிஞ்சாது. இதையெல்லாம் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும் என்கிற அளவில் எழுத்தைச் சிறிதாக்க அனுமதித்தவர்களை என்ன சொல்வது!

சர்க்கரை 4 கிராம் என்றால் ஒரு டீஸ்பூன் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. 5 சதவீதம் என்பது பெரியவர்களுக்கே சுமார் 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன்தான். பழச்சாறும் தேனும் இந்தக் கணக்கில் சேரும்.

உங்கள் மகள் போட்டிகளுக்குப் போகிற எண்ணம் இருந்தால் இதையும் கேளுங்கள். உடலில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால், அது எப்படி வந்தது என்று தெரியாவிட்டாலும் பொறுப்பு வீரருடையதுதான் என்பது ஊக்கமருந்து எதிர்ப்பு விதி. சப்ளிமென்ட் டப்பாவில் பட்டியலில் இல்லாத பொருள் கலந்திருந்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. பல நாடுகளில் இவை மருந்துபோல விற்பனைக்கு முன் சோதிக்கப்படுவதும் இல்லை. 11 வயதில் இந்த வம்பு எதற்கு?

சரி, சாப்பாடு. காலையில் 10 நிமிடம்தான் என்கிறீர்கள். காலையில் சமைக்கவே வேண்டாம், எடுத்துக் கொடுத்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலையை முந்தின இரவுக்குத் தள்ளிவிடலாம். இரவிலும் அது 10 நிமிட வேலைதான், ஆனால் யாரும் ஷூ தேடிக் கத்திக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஓட்ஸ் அரை கப், பால் முக்கால் கப், கெட்டித் தயிர் இரண்டு ஸ்பூன், வறுத்துப் பொடித்த வேர்க்கடலை இரண்டு ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. மூடி போட்ட டப்பாவில் கலக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் ஈரக் காகிதம் மாதிரி இருக்கும். வாழைப்பழத்தை இரவே நறுக்கிப் போடக் கூடாது, கறுத்துப்போய் நீர் விடும், பிள்ளை மறுபடியும் தொடாது. காலையில் போடுங்கள். கெட்டியாக இருந்தால் கொஞ்சம் பால் ஊற்றிக்கொள்ளுங்கள். பெரிய ஓட்ஸ்தான் இதற்குச் சரி, இன்ஸ்டன்ட் ஓட்ஸ் காலைக்குள் கூழாகிவிடும். சுவையூட்டிய பாக்கெட் ஓட்ஸ் பக்கம் போகவே போகாதீர்கள். இந்த ஒரு டப்பாவில் 15 கிராம் அளவுக்குப் புரதம் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஆறேழு முட்டையைக் கொதிக்கும் தண்ணீரில் 10 முதல் 12 நிமிடம் வேகவைத்து, பச்சைத் தண்ணீரில் ஆறவிட்டு, தோலோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரம் தாங்கும். தோலை உரித்தால் அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். கொண்டைக்கடலையை இரவெல்லாம் ஊறவைத்து வேகவைத்தால் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருக்கும், மீதியை ஃப்ரீசரில் போடலாம். சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்து கொடுங்கள், வைட்டமின் சி சேர்ந்தால் கடலையில் உள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாக ஏறும். கூடவே டீ, காபி கொடுத்தால் அந்தப் பலன் போய்விடும்.

பயிற்சி நாளில் தண்ணீரில் இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம், இல்லையென்றால் இரண்டு மூன்று பேரீச்சம்பழம், கொஞ்சம் தண்ணீர். அதற்கு மேல் கொடுத்தால் வயிறு புரட்டும். முடிந்து தலை துவட்டியதும் ஓட்ஸ் டப்பா, ஒரு முட்டை. ஒரு மணி நேரப் பயிற்சிக்குத் தண்ணீரே போதும், கலர் கலராக வரும் எனர்ஜி பானம் எதுவும் வேண்டாம். டப்பாவைக் கொண்டுபோகும் பையில் ஒரு ஐஸ் பேக் வையுங்கள். பால், முட்டை இரண்டும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

பள்ளி இடைவேளைக்கு என் முதல் தேர்வு வேர்க்கடலை உருண்டை. வேர்க்கடலையைச் சிறு தீயில், தேய்த்தால் தோல் கழன்று வரும் வரை வறுத்து ஆறவையுங்கள். அதே அளவு கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் சேர்த்து மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரே மூச்சாக ஓட்டினால் எண்ணெய் கக்கிக் கூழாகிவிடும், உருட்ட வராது. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு போதும். பேரீச்சம்பழத்திலும் இனிப்புதான் இருக்கிறது, பல்லிலும் ஒட்டும். சில பள்ளிகளில் இடைவேளையே 10 நிமிடம்தான், அதில் பாதி கை கழுவும் வரிசையில் போய்விடும். ஆகவே உரிக்க, பிசைய, கலக்க வேண்டியது எதையும் கட்டிக் கொடுக்காதீர்கள்.

கடலையில் ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலை, முழு பாதாம், முந்திரி எதையும் கொடுக்கக் கூடாது. மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் அந்த வயதுக் குழந்தை இல்லை, தெரியும். ஆனால் விடுமுறைக்குத் தங்கை பிள்ளை வரும், அக்கா பையில் இருப்பதை எடுக்கும். இரண்டாக உடைத்துக் கொடுத்தால் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பரவாயில்லை இல்லை. உடைத்த துண்டும் அடைக்கும். மென்று காட்டுகிறானே என்பார்கள். மெல்லும்போது சிரித்தால் போதும். மாவாகப் பொடித்துக் கலந்து கொடுங்கள், அல்லது வெண்ணெய்போல அரைத்து மெல்லியதாகத் தடவிக் கொடுங்கள். ஸ்பூன் நிறைய அள்ளி ஊட்டினால் அதுவும் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். ஓடும்போதும், காரில் பின் சீட்டில் படுத்துக்கொண்டும் எந்தக் குழந்தையும் கடலை தின்னக் கூடாது, இது உங்கள் 7 வயது மகனுக்கும் பொருந்தும். ஒவ்வாமை இருக்கிற பிள்ளைக்குக் கடலையே கூடாது என்பது தனி. வகுப்பில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு டப்பாவில் போடுங்கள்.

பிரெட் வாங்குவதானால் பிரவுனாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். நிறத்தைக் கருகிய சர்க்கரையாலும் கொண்டுவரலாம். பட்டியலில் முதல் பெயர் முழு கோதுமை மாவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம் மகன். எழுந்தவுடன் பசிக்காத பிள்ளைகள் நிறைய உண்டு, அது நோய் அல்ல. இரவுச் சாப்பாட்டை அரை மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள். எழுந்து முக்கால் மணி நேரம் கழித்து ஒரு டம்ளர் பாலும் பாதி வாழைப்பழமும் கொடுங்கள். மீதியை முதல் இடைவேளை டப்பாவில் போட்டுவிடுங்கள், அங்கே பசித்துச் சாப்பிடுவான். காலைக்கு என்று தனியாக ஒரு பண்டம் இருக்க வேண்டும் என்றும் இல்லை. நேற்றிரவு அவன் விரும்பிச் சாப்பிட்டது பத்திரமாக ஃப்ரிட்ஜில் இருந்தால் ஆவி பறக்கச் சூடாக்கி அதையே கொடுங்கள். வாயில் திணிப்பதும், டிவி போட்டு ஊட்டுவதும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரமும் எடையும் குறித்து வையுங்கள். வளர்ச்சி வரைபடத்தில் அவன் கோடு வழக்கமான இடத்திலேயே ஏறிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். எடை குறைந்தாலோ, ஆறு மாதமாக ஒரே இடத்தில் நின்றாலோ குழந்தை மருத்துவரிடம் அந்தக் குறிப்பையே எடுத்துக்கொண்டு போங்கள்.