கொப்பு வெட்டும் தொழிலுக்குக் காப்புறுதி: திருகோணமலையில் இருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

வாடைக்காற்று தொடங்குவதற்கு முந்திய மாதங்களில்தான் மரம் வெட்டுகிறவர்களுக்கு வேலை குவியும். அதனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் காப்புறுதி பற்றி என்ன கேட்க விரும்பினாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் காப்புறுதித் துறையில் 23 வருடம் வேலை செய்தவன். அதில் பெரும்பகுதி கிளெய்ம் (நட்டஈட்டுக் கோரிக்கை) பார்க்கும் மேசையில் போனது. இப்போது யாருக்கும் பொலிசி (காப்புறுதிப் பத்திரம்) விற்பதில்லை. வந்த கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கித் தந்திருக்கிறேன்.

உப்புவெளியில் இருந்து: அண்ணை, நானும் மச்சானும் இன்னும் மூன்று பெடியளும் சேர்ந்து மரம் வெட்டுகிறோம். இரண்டு செயின்சோ, ஒரு பழைய லொறி. கையில் இருக்கும் காசுக்கு முதலில் எதற்குக் காப்புறுதி எடுப்பது?

முதலில் மரத்தில் ஏறுகிற ஆளுக்கு. அடுத்தது, கீழே நிற்கிற அயலவருக்கும் அவருடைய கூரைக்கும். சாமான்கள் கடைசி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புது செயின்சோவுக்குக் காப்புறுதி கேட்டு வருவார்கள், அதைப் பிடிக்கிற கைக்கு ஒன்றும் இருக்காது. லொறிக்கு எடுப்பதா விடுவதா என்ற கேள்விக்கே இடமில்லை, மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் அது வீதிக்கு வரவே கூடாது.

ஆக, உங்களுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, வேலையாள் காயப்பட்டால் கொடுக்க வேண்டிய பணத்துக்கான வேலையாட்கள் நட்டஈட்டுக் காப்புறுதி. மற்றது, வெளியாருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்குமான பொதுப் பொறுப்புக் காப்புறுதி. நீங்களும் மச்சானும் பங்காளிகள் என்றால் நீங்கள் இருவரும் ‘வேலையாள்’ என்ற கணக்கில் வரமாட்டீர்கள். மரத்தில் ஏறுகிற முதலாளிக்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதி தனியாக வேண்டும். இதை ஏஜென்ட் சொல்லாமல் விட்டால் நீங்களே கேளுங்கள்.

தம்பலகாமத்தில் இருந்து ஒரு சகோதரி: ஐயா, என் கணவர் ஒரு கொந்தராத்துக்காரரிடம் நாட்சம்பளத்துக்கு மரம் ஏறுகிறார். கடிதம், கையெழுத்து ஒன்றும் இல்லை. விழுந்தால் எங்களுக்கு ஏதும் கிடைக்குமா? பிள்ளைகள் இரண்டு பேரும் சின்ன ஆட்கள்.

கிடைக்க வேண்டும், தங்கச்சி. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் இருக்கிறது. வேலை செய்யும்போது, அந்த வேலையால் நேர்ந்த விபத்துக்கு முதலாளிதான் பொறுப்பு. வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று இல்லை, வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். 2022இல் சட்டத்தைத் திருத்தி, உச்ச நட்டஈட்டை ஐந்தரை இலட்சத்தில் இருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தினார்கள். வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் நடக்கும் விபத்தும் இப்போது அதற்குள் வருகிறது.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி காப்புறுதி எடுத்திருந்தாலும் எடுக்காவிட்டாலும் இந்தக் கடமை அவருக்கு உண்டு. காப்புறுதி இருந்தால் அந்தப் பணத்தைக் கம்பனி கட்டும், இல்லாவிட்டால் அவர் தன் சொத்தில் இருந்து கட்ட வேண்டும். அவரிடம் சொத்தே இல்லாவிட்டால் சட்டம் இருந்தும் உங்கள் கை வெறுமையாகத்தான் இருக்கும். அதனால்தான் நான் காப்புறுதியைப் பற்றி இவ்வளவு வற்புறுத்திப் பேசுகிறேன்.

உங்களால் இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரு சிறிய கொப்பி எடுங்கள். எந்தத் திகதி, எந்த ஊர், யார் கூப்பிட்டது, எவ்வளவு கூலி என்று அன்றன்று எழுதி வையுங்கள். வேலைக்குக் கூப்பிட்டு வந்த போன் மெசேஜ்களை அழிக்க வேண்டாம். அவர் அந்த முதலாளியிடம் வேலை செய்தார் என்று காட்ட அந்தக் கொப்பி பெரிய உதவி செய்யும்.

உவர்மலையில் இருந்து ஒரு முதலாளி: ‘மரம் வெட்டுதல்’ என்று எழுதினால் பிரீமியம் கூடுமாம். ‘தோட்டப் பராமரிப்பு’ என்று போட்டுத் தருகிறேன் என்கிறார் ஏஜென்ட். இதில் ஏதும் பிழை வருமா?

வந்த கேள்விகளில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான். அப்படிப் போட வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

ஒரு கோப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. வேப்பங்கொப்பு ஒன்று, அடியில் ஆளின் தொடையை விடப் பருமன். கவனமாகக் கயிறு போட்டுத்தான் இறக்கியிருக்கிறார்கள். கயிறு கவட்டில் உரசி உரசி ஒரு புரி ஏற்கனவே அறுந்திருந்தது, படத்தில் அந்த இடம் பஞ்சு போலப் பிரிந்து தெரிந்தது. மிச்சப் புரிகள் தாங்கவில்லை. கொப்பு பக்கத்து வீட்டு அஸ்பெஸ்டஸ் கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே போய்த் தையல் மெசினுக்கு மேல் விழுந்தது. தைத்துக்கொண்டிருந்த அம்மா அப்போதுதான் அடுப்படிக்கு எழும்பிப் போயிருக்கிறார்.

பொலிசியை விரித்துப் பார்த்தேன். தொழில் விபரத்தில் ‘புல் வெட்டுதல், தோட்டப் பராமரிப்பு’ என்று இருந்தது. அந்தக் கிளெய்முக்காக என்னால் முடிந்த அளவு பேசிப் பார்த்தேன். ஒரு சதமும் வாங்கிக் கொடுக்க முடியவில்லை. மரம் வெட்டிய முதலாளி தன் லொறியை விற்றுக் கூரை போட்டுக் கொடுத்தார்.

காப்புறுதி என்பது உண்மையைச் சொல்லிச் செய்கிற ஒப்பந்தம். காப்புறுதி கேட்டுக் கொடுக்கும் முன்மொழிவுப் படிவத்தில் கையெழுத்து வைப்பவர் நீங்கள், ஏஜென்ட் அல்ல. ஆகவே நீங்கள் செய்வதை அப்படியே எழுதச் சொல்லுங்கள்: மரம் ஏறிக் கொப்பு வெட்டுதல், முழு மரம் தறித்தல், செயின்சோ பாவித்தல், கயிறு கட்டி இறக்குதல், அடிக்கட்டை கிண்டுதல். உயரத்தைப் பற்றி என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். இத்தனை அடிக்கு மேல் செய்யும் வேலைக்குக் காப்பு இல்லை என்று சில பத்திரங்களில் ஒரு வரி ஒளிந்திருக்கும். 60 அடித் தென்னையில் வேலை செய்பவருக்கு 30 அடி எல்லை போட்ட பத்திரம் எதற்கு? அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள், அல்லது வேறு கம்பனியைப் பாருங்கள். பிரீமியம் கூடத்தான் செய்யும், ஆனால் அந்தக் காசுக்குத் தேவைப்படும் நாளில் பதில் இருக்கும்.

பாலையூற்றில் இருந்து: ஆட்கள் ஏழு பேர். மூன்று பேர் என்று காட்டினால் போதாதா?

போதாது. வேலையாட்கள் நட்டஈட்டுக்கான பிரீமியம் பெரும்பாலும் நீங்கள் வருடத்துக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. நான்காவது ஆள் விழுந்தால் என்ன சொல்வீர்கள்? சீசனுக்கு ஆட்கள் கூடிக் குறைவார்கள் என்றால் அதையே கம்பனிக்குச் சொல்லுங்கள். மதிப்பீடாக ஒரு தொகை கொடுத்து, வருட முடிவில் உண்மைக் கணக்குப்படி சரிசெய்யும் முறை இருக்கிறது.

கிண்ணியாவில் இருந்து: சேர், பெரிய மரம் என்றால் வாடகைக்குப் பூம் ட்ரக் (தூக்கும் கை பூட்டிய லொறி) எடுப்போம், சில வேலையை வேறு குழுவுக்குக் கொடுப்போம். அவர்கள் செய்த பிழைக்கும் நாங்கள்தான் பொறுப்பா?

பல நேரம் ஆம். உங்கள் தொழிலின் ஒரு பகுதியை இன்னொருவருக்குக் கொடுத்தாலும், அவருடைய ஆள் காயப்பட்டால் நட்டஈட்டை உங்களிடம் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு அந்தக் குழுத் தலைவரிடம் அறவிடலாம், அவரிடம் இருந்தால். ஆகவே வேலை கொடுக்க முன் அவருடைய பொலிசியின் பிரதியை வாங்கி, காலாவதித் திகதியை உங்கள் கண்ணால் பாருங்கள். உங்கள் பொலிசியில் உபகொந்தராத்துக்காரர் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்றும் கேளுங்கள்.

பூம் ட்ரக்கில் பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. வீதியில் ஓடும்போது அது வாகனம், மோட்டார் காப்புறுதி பேசும். நிறுத்தி, கால்களை ஊன்றி, கையைத் தூக்கி மரம் இறக்கும்போது அது ஒரு வேலை இயந்திரம். அந்த நேரத்தில் நடக்கும் சேதத்தை மோட்டார் பத்திரம் விலக்கியிருக்கலாம், பொறுப்புக் காப்புறுதியும் ‘இது வாகனம்’ என்று விலக்கியிருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடாமல், எது தாங்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

லிங்கநகரில் இருந்து: பொதுப் பொறுப்புக்கு எவ்வளவு தொகை போடுவது?

எதன் பக்கத்தில் வேலை செய்கிறீர்கள் என்று பாருங்கள். தனித் தோட்டத்துத் தென்னைக்கும், நகருக்குள் மதிலோடு மதில் ஒட்டிய வளவில் நிற்கும் புளிக்கும் ஒரே தொகை பொருந்தாது. ஒரு கொப்பு தவறினால் ஒரு கார், ஒரு மதில், ஒரு தண்ணீர்த் தாங்கி எல்லாம் ஒன்றாகப் போகலாம். ஆள் காயப்பட்டால் கணக்கே வேறு. ஒரு சம்பவத்துக்கு எவ்வளவு, வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று இரண்டு எல்லைகள் இருக்கும், இரண்டையும் கேளுங்கள். ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்கள் தாங்க வேண்டிய முதல் தொகையையும் கேளுங்கள். அது 50,000 ரூபாவாக இருந்தால், சின்னச் சேதம் எல்லாம் உங்கள் கையில் இருந்துதான் போகும்.

இன்னொன்று. நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும் அதே மரத்துக்கு வரும் சேதம் பொதுவாக இதில் அடங்காது. மாவைக் கழிக்கப் போய் மா பட்டுப்போனால் அதற்குக் கம்பனி பணம் தராது.

நிலாவெளியில் இருந்து ஹோட்டல் ஒன்றின் தோட்டப் பொறுப்பாளர்: மரம் வெட்ட வருகிறவர்களிடம் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

விருந்தினர் நடக்கும் இடம் என்பதால் கேட்கத்தான் வேண்டும். வேலையாட்கள் நட்டஈடு, பொதுப் பொறுப்பு இரண்டுக்கும் சான்றிதழ் கேளுங்கள். பொறுப்புப் பொலிசியில் வேலை கொடுப்பவர் என்று ஹோட்டலின் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். சான்றிதழில் உள்ள இலக்கத்தை வைத்துக் கம்பனிக்கு ஒரு அழைப்பு எடுத்து உறுதிசெய்யுங்கள். இதெல்லாம் இருக்கிற குழு கொஞ்சம் கூடக் கேட்டால், அந்த விலைக்குள் காப்புறுதிச் செலவும் இருக்கிறது என்று நினைத்துப் பேரம் பேசுங்கள்.

குச்சவெளியில் இருந்து: பனை வெட்டுவதற்கும் காப்புறுதிக்கும் என்ன சம்பந்தம்? அனுமதி கேட்கிறார்களே.

பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. 1951இல் இருந்து சட்டம் அப்படித்தான். சட்டவிரோதமாகச் செய்த வேலையில் விபத்து நடந்தால் கிளெய்மை மறுக்கக் கம்பனிக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும். பிரதேச செயலகத்தில் எடுத்த அனுமதியைப் படம் பிடித்துப் போனில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

சீனக்குடாவில் இருந்து: மின்கம்பிக்குப் பக்கத்து மரம் என்றால்?

உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்குச் சொல்லி, மின்சாரம் நிறுத்தியது உறுதியான பிறகுதான் ஏற வேண்டும். 11,000, 33,000 வோல்ட் கம்பிகள் ஊருக்குள்ளேயே ஓடுகின்றன. பச்சைக் கொப்பு மின்சாரத்தைக் கடத்தும், அலுமினிய ஏணியைச் சொல்லவே வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தாமல் செய்த வேலைக்குக் காப்பு இல்லை என்ற நிபந்தனை பத்திரத்தில் இருக்கலாம். பத்திரத்தை விடுங்கள், அந்த ஆள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

மூதூரில் இருந்து: கயிறும் செயின்சோவும் களவு போனால்? எங்கள் சாமான்கள் எட்டு இலட்சம் பெறும், நாலு இலட்சத்துக்குப் போட்டால் பிரீமியம் பாதிதானே?

கிளெய்மும் பாதிதான். பாதி மதிப்புக்குப் போட்டவர், தன் இழப்பில் மற்றப் பாதியைத் தானே தாங்க வேண்டும் என்பது விதி. இரண்டு இலட்சத்துக்குக் களவு போனால் ஒரு இலட்சம், அதிலும் நீங்கள் தாங்க வேண்டிய முதல் தொகை கழிந்து வரும். களவைப் பொறுத்தவரை, பூட்டு உடைத்த அடையாளம் கேட்பார்கள். திறந்த லொறியில் விட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் போனது பெரும்பாலும் கிடைக்காது. செயின்சோவின் தொடர் இலக்கத்தை எழுதி, பற்றுச்சீட்டோடு வீட்டில் வையுங்கள்.

செல்வநாயகபுரத்தில் இருந்து: நாங்கள் கழித்த மரம் மூன்று கிழமைக்குப் பிறகு காற்றில் விழுந்தால் எங்களைப் பிடிப்பார்களா?

பிடிக்கப் பார்ப்பார்கள். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் எங்கள் கரையைக் கடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒரு காற்றில் விழுந்தால் அது இயற்கை அனர்த்தம் என்று வாதிடலாம். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் மொட்டை அடித்து மரத்தைச் சாய்வாக விட்டுப் போயிருந்தால் பொறுப்பு உங்கள் மேல் வரலாம். வேலை முடிந்த பின் எழும் பொறுப்பைச் சில பொலிசிகள் தானாகத் தராது, அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வேலை தொடங்க முன் இரண்டு படம், முடிந்த பின் இரண்டு படம் எடுங்கள். அடியில் பொந்து, கறையான் ஏதும் கண்டால் வீட்டுக்காரருக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள், வட்ஸ்அப் மெசேஜ் என்றாலும் சரி.

அதே தம்பி: ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி), ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) கட்டுகிறோம். அது போதாதா?

கட்டுவது நல்லது, கட்டத்தான் வேண்டும். ஆனால் அவை முக்கியமாகச் சேமிப்பு. விபத்து நட்டஈடு வேறு.

அன்புவழிபுரத்தில் இருந்து: போன மாதம் ஒரு பெடியனுக்குக் கை முறிந்தது. கம்பனிக்கு இன்னும் சொல்லவில்லை. பிந்திவிட்டதா?

இன்றே சொல்லுங்கள், தம்பி. ‘உடனடியாக அறிவிக்க வேண்டும்’ என்று எல்லாப் பத்திரத்திலும் இருக்கும், பிந்தும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு நட்டம். முதலில் போனில் சொல்லி, கதைத்தவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துவிட்டு, அப்புறம் எழுத்தில் கொடுங்கள். ஏன் பிந்தியது என்பதை உள்ளபடி எழுதுங்கள், கதை கட்ட வேண்டாம். ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்ட், மருந்துப் பற்றுச்சீட்டுகள், கூட நின்றவர்களின் பெயர்கள், அந்த மாதச் சம்பளக் கணக்கு எல்லாவற்றையும் சேருங்கள். கம்பனி மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். முதலில் அவர்களுடைய முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள், அங்கும் முடிவு வராவிட்டால் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

அறுந்த கயிறோ உடைந்த கொளுவியோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். கழுவவும் வேண்டாம். அப்படியே ஒரு சாக்கில் போட்டு, திகதி எழுதிக் கட்டி வையுங்கள். அந்தப் பெடியனுக்கு வேலை இல்லாத நாட்களுக்கு, கம்பனியின் பதில் வரும் வரைக்கும், உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். கொடுக்கும்போது கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.